ஏழு குதிர்களும் காலியானதும்

ஆகஸ்ட் 3

என் அன்பு மூக்காருக்கு,

நீங்களும் நம் குட்டி வாலுவும் எல்லைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று திரும்பி வந்த லாரிக்காரர் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

போன் செத்துப் பல நாளாகிறது. தபால் எப்போது போய்ச் சேரும் என்று தபால்காரருக்கே தெரியவில்லை. அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். இங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு லாரியோடும் ஒரு மாதிரிப் பை வருகிறதே, நான் இங்கே முத்திரை வைத்து நீங்கள் அங்கே பிரித்துச் சோதிப்பது, அதற்குள் கடிதத்தை வைத்துவிடுகிறேன். உங்கள் பதிலைத் திரும்பி வரும் டிரைவரிடம் கொடுத்தனுப்புங்கள். மாதிரிப் பையில் சோளத்தைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவருக்குப் பெண்டாட்டி பக்கத்திலேயே இருந்திருப்பாள்.

துறைமுகத்தில் ஒரு கப்பல் இல்லை. கடலில் கண்ணிவெடி மிதக்கிறது என்று எந்தக் கப்பல்காரரும் வர மாட்டேன் என்கிறார். நம் இரும்புக் குதிர்கள் ஏழிலும் கழுத்துவரை மக்காச்சோளம் நிற்கிறது. ஒரு கப்பல் ஒரே மூச்சில் விழுங்குவதை அனுப்ப ஆயிரம் லாரி வேண்டும். நமக்கு ஒரு நாளைக்குப் பத்தோ பதினைந்தோ கிடைக்கிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள், இங்கே யானையே சோளமாக நிற்கிறது.

சும்மா நிற்கவும் மாட்டேன் என்கிறது. உங்களுக்குத் தெரியாததா? அடைத்து வைத்த சோளம் மூச்சு விடும், சூடேறும். தினமும் ஒவ்வொரு குதிராகச் சுவரில் கை வைத்துப் பார்க்கிறேன், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. சூடு தெரிந்தால் அடியிலிருந்து இறக்கி, தூக்கி இயந்திரத்தில் ஏற்றி, மறுபடி மேலே கொட்ட வேண்டும். புரட்டாமல் விட்டால் பூஞ்சை பிடித்துப் புகையத் தொடங்கிவிடும். இந்த வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் ஊரைவிட்டோ சண்டைக்கோ போய்விட்டார்கள். நானும் ஒயர்மேனும் காவலாளி ஐயாவும்தான் மிச்சம்.

வாலுவிடம் சொன்னதையே உங்களுக்கும் எழுதித் தருகிறேன். ஏழு குதிர்களும் காலியானதும் வந்துவிடுவேன்.

அவளுக்குத் தலை வாரும்போது வகிட்டை நேராக எடுங்கள். கிளம்பிய அன்று நீங்கள் எடுத்த வகிடு நெற்றியில் ஆரம்பித்துக் காதுப் பக்கம் போய் முடிந்திருந்தது.

உங்கள்
கிடங்குக்காரி

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள கிடங்குக்காரிக்கு,

பையைப் பிரித்தால் சோளத்துக்கு நடுவே உன் கையெழுத்து. பழக்கதோஷம், மூக்கை உள்ளே விட்டு நன்றாக முகர்ந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பையன் பயந்துபோய், "என்ன சார், பூஞ்சையா?" என்றான். "இல்லப்பா, பெண்டாட்டி" என்றேன். அன்றிலிருந்து என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறான்.

இங்கே தண்டவாளத்தின் அகலமே வேறு. நம் லாரியிலிருந்து இறக்கி இவர்களுடைய ரயில் பெட்டிகளில் கொட்ட வேண்டும். கொட்டுவதற்கு முன் ஒவ்வொரு லாரியிலும் நான் ஏறி, நீளக் குத்தூசியை அடிவரை இறக்கி எடுத்து, ஈரம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். லாரி வரிசை கண்ணுக்கு எட்டும் தூரத்தைத் தாண்டிப் போகிறது. டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே துணி துவைத்துக் காயப்போட்டுக் குடித்தனமே நடத்துகிறார்கள். திரும்பும்போது அதே லாரிகள் டீசலும் மருந்தும் ஏற்றிக்கொண்டு வருகின்றன. நீ அனுப்பும் சோளம்தான் அங்கே ஆஸ்பத்திரிக்கு ஊசி மருந்தாக வருகிறது என்று வாலுவுக்குச் சொன்னேன். "அப்ப அம்மா டாக்டரா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட என்றேன்.

இவர்கள் ஊர் விவசாயிகளுக்கு நம்மேல் கோபம். நம் சோளம் வந்து அவர்கள் விலையை இறக்கிவிட்டதாம். அதனால் அதிகாரிகள் இப்போது கெடுபிடி. ஈரம் பதினாலு சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பு என்று உத்தரவு.

டயர் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். சுவரில் கரியால் ஏழு குதிர் வரைந்திருக்கிறேன். நீ ஒன்று காலி என்று எழுதினால் வாலு ஈரத்துணியால் ஒன்றை அழிப்பாள். அதற்காகத் துணியை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

சமையல் என்னுடையது. இந்த வீட்டுக்காரர் கொடுத்த பாத்திரம் காகிதம் மாதிரி மெல்லிசு. எதை வைத்தாலும் அடிப்பிடிக்கிறது. வாலு, "அப்பா, இன்னைக்கும் கறுப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை எடுக்கிறாள்.

சீக்கிரம் வா.

உன்
மூக்கு

*

செப்டம்பர் 14

என் அன்பு மூக்காருக்கு,

முதல் குதிர் காலி. இரண்டாவதும் காலி. இன்று மூன்றாவதைக் கூட்டிப் பெருக்கிவிட்டோம். மூன்றையும் அழிக்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் மூன்றையும் அழித்துவிடப் போகிறாள், தினம் ஒன்றாகக் கொடுங்கள்.

ரயில் பாலம் போய்விட்டது. இனி லாரி மட்டும்தான். டீசல் விற்கிற விலைக்கு லாரி வாடகையே சோளத்தின் விலையில் பாதியைத் தின்கிறது. மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது, உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது. ஆனாலும் அனுப்பாமல் இருக்க முடியுமா?

குண்டுச் சத்தம் கேட்கிறதா என்று டிரைவரிடம் கேட்டனுப்பியிருந்தீர்கள். கேட்கிறது, தூரத்தில்தான். காவலாளி ஐயா தூக்கத்தில் விடும் குறட்டை அதைவிடப் பெரிது.

புதுச் சோளம் எதுவும் வாங்கவில்லை. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அடிகனமான பாத்திரம் நம் வீட்டில் இருக்கிறது. வரும்போது கொண்டுவருகிறேன். அதுவரை அடுப்பைக் குறைத்து வைத்துப் பக்கத்திலேயே நில்லுங்கள். லாரி பார்க்கப் போகாதீர்கள்.

உங்கள்
கிடங்குக்காரி

*

செப்டம்பர் 29

கிடங்குப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய மாதிரிகள் கிடைத்தன.

மணியில் பளபளப்பு மங்கவில்லை. நுனியில் சக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பச்சைக் கதிரின் வாசனை இன்னும் போகவில்லை. இது போன வருஷத்துச் சோளம் என்றால் நான் மூக்கை அறுத்துக்கொள்கிறேன்.

நான் கேட்கவே இல்லை. நீயாகத்தான் "புதுச் சோளம் வாங்கவில்லை" என்று எழுதினாய். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை சொன்ன கதை. உனக்கென்றே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. சிரிப்பு வரவில்லை.

ஒரு பக்கம் இறக்குகிறாய், மறு பக்கம் நிரப்புகிறாய். இப்படிப் போனால் ஏழும் எந்த யுகத்தில் காலியாகும்? வாலு மூன்றை அழித்துவிட்டு, அழித்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். எத்தனை குதிரில் புதுச் சோளம் இருக்கிறது, உண்மையைச் சொல். நான்தானே மறுபடி வரைய வேண்டும்.

போன வாரம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளில் குண்டு விழுந்ததை டிரைவர் சொன்னார். அது நம் கிடங்குக்கு அடுத்த வாசல். நீ எனக்குக் குறட்டைக் கதை எழுதுகிறாய்.

மூக்கு

*

அக்டோபர் 8

என்னங்க,

இரண்டு குதிரில். இரண்டையும் வரைந்துவிடுங்கள். வாலு அழுதால் அம்மா பொய் சொன்னாள் என்றே சொல்லுங்கள்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், திட்டுவதைப் பிறகு திட்டுங்கள். ஒரு நாள் காலையில் வாசலில் டிராக்டர் சத்தம். ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவர்களுக்குப் பின்னால் வரிசையாக இன்னும் பத்துப் பன்னிரண்டு வண்டிகள். அறுத்ததை வைக்க அவர்களுக்கு இடம் கிடையாது, வாங்க ஆள் கிடையாது. அந்தப் பெண் சொன்னாள், "நீங்க எடுத்துக்கலன்னா வயல்லயே கொளுத்திட்டுப் போயிருவோம்மா. அடுத்த விதைப்புக்கு வழி இல்ல." வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முடியாது என்று சொல்லத்தான் வெளியே வந்தேன். "தார்ப்பாயை இழுத்து மூடுங்க, நனையப் போகுது" என்று வாய் சொல்லிவிட்டது.

அப்புறம் ஒருவருக்குத் திறந்த கதவை இன்னொருவருக்கு எப்படி மூடுவது? நீங்கள் இங்கே இருந்திருந்தால் நீங்களும் திறந்திருப்பீர்கள். திறந்துவிட்டு என்னையும் திட்டியிருப்பீர்கள்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். எண்ணெய்த் தொட்டி எரிந்தபோது குதிரின் சுவரெல்லாம் கொதித்தது. அன்று எதில் கை வைத்தாலும் காய்ச்சல்தான். வாலுவின் பழைய சட்டை ஒன்று இங்கே கிடக்கிறது. அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

நான் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். இப்போதே சொன்னால் நம்ப மாட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கோபத்தில் எதுவும் செய்துவிடாதீர்கள். உங்கள் கோபம் எனக்குத் தெரியும், மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும்.

உங்கள்
கிடங்குக்காரி

*

அக்டோபர் 19

கிடங்குக்காரிக்கு,

பொறுத்தது போதும்.

இன்று உன் கிடங்கிலிருந்து வந்த லாரிகள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டேன். ஈரம் பதினாலரை. உத்தரவு பதினாலு. இதுவரை அரைப் புள்ளி கூடினால் தார்ப்பாயைத் திறந்து ஒரு நாள் வெயிலில் நிறுத்தச் சொல்லி, மறுநாள் குத்தூசி போட்டுக் கையெழுத்திடுவேன். அது உனக்கும் தெரியும், டிரைவர்களுக்கும் தெரியும். இந்த முறை வெயில் நன்றாகத்தான் அடித்தது. நான் நிறுத்தவில்லை.

"மூக்கு சார், என்ன சார் இது, நம்ம ஊர்ச் சோளம் சார்" என்று ஒரு டிரைவர் கையைப் பிடித்துக்கொண்டார். கையை உதறிவிட்டேன். இனி உன் கிடங்கு லாரி ஒன்றுக்கும் கையெழுத்துப் போட மாட்டேன். இந்தப் பக்கம் வாசல் மூடிவிட்டால் அந்தப் பக்கம் நிரப்பி என்ன பண்ணுவாய்? அனுப்ப வழியில்லாத கிடங்கில் உனக்கு என்ன வேலை? பூட்டிவிட்டுச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வா.

நாட்டைக் காப்பாற்ற ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம்.

வா.

மூக்கு

*

அக்டோபர் 30

என்னங்க,

லாரிகள் திரும்பி வந்தன. உங்கள் கடிதமும் அவற்றோடுதான் வந்தது. இந்தப் பதிலை வேறு கிடங்கின் டிரைவர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போகும்போது பதினாலரை. வரும் வழியெல்லாம் மழை. தார்ப்பாய்கள் கிழிந்து, இங்கே இறக்கும்போது பதினெட்டு. அப்படியே போட்டால் இரண்டே நாளில் புகையும், பக்கத்துக் குதிரில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். இராப்பகலாகப் புரட்ட வேண்டும்.

பல வருஷமாக என் கூடவே வேலை பார்த்தீர்கள். சோளம் போய்க்கொண்டிருந்தால்தானே நான் வர முடியும்? அது திரும்பி வந்தால் நான் எப்படி வருவேன்? இது உங்களுக்கு எப்படித் தோன்றாமல் போனது? கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்கிறேன்.

அந்த ஏற்பாட்டை இப்போது சொல்லிவிடுகிறேன். ஒயர்மேனுக்குப் புரட்டும் வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டேன். காய்ந்த சோளம் என்றால் இப்போது அவனே பார்த்துக்கொள்வான். நீங்கள் திருப்பி அனுப்பினீர்களே, அந்த லாரிகளுக்கு அடுத்துக் கிளம்ப இருந்த வண்டியில் முன் சீட்டை எனக்கென்று டிரைவரிடம் சொல்லி வைத்திருந்தேன். குதிர் காலியாகவில்லைதான். ஏழும் காலியாகும்வரை காத்திருந்தால் வாலு வளர்ந்து கல்யாணமே ஆகிவிடும் என்று எனக்கும் புரிந்துவிட்டது. உங்களுக்குச் சொல்லாமல் வந்து குத்தூசி பிடித்திருக்கும்போது பின்னால் நிற்க ஆசைப்பட்டேன். பையைக் கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

இந்த ஈரச் சோளத்தை மட்டும் ஆற வைத்துவிட்டு வருகிறேன். ஒயர்மேனுக்கு ஈரச் சோளம் பழக்கமில்லை.

கோபத்தோடு படுக்காதீர்கள். வாலுவிடம் அம்மா பையைக் கட்டிவிட்டாள் என்று சொல்லுங்கள். இது பொய்யில்லை.

உங்கள்
கிடங்குக்காரி

*

நவம்பர் 6

என் கண்ணே,

நான் ஒரு முட்டாள். உலகத்தில் இருக்கிற மூக்கையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன பயன், எனக்கு மூளை இல்லை.

அதிகாரியிடம் போய் நின்றேன். உன் லாரிகளை நாளை முதல் விடுவதற்குக் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஈரமாக இருந்தாலும் அனுப்பு, இங்கே விரித்துக் காய வைக்க இடம் பிடித்திருக்கிறேன். இல்லை, எதையும் அனுப்பாதே. நீ மட்டும் வா. அந்தச் சோளம் அழுகட்டும். புகையட்டும். இந்தக் கடிதம் கொண்டுவரும் டிரைவர் உன்னை ஏற்றிக்கொள்ளாமல் வரக் கூடாது என்று அவர் காலில் விழாத குறையாகச் சொல்லியிருக்கிறேன். முன் சீட்டு உனக்குத்தான்.

வாலுவிடம் பை விஷயத்தைச் சொன்னேன். மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

உன்
மூக்கு

*

நவம்பர் 17

என் கிடங்குக்காரிக்கு,

போன கடிதம் உன் கைக்கு வரவில்லை. டிரைவர் அப்படியே பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். அவர் பின்னாலேயே காவலாளி ஐயா படியேறி வந்தார், கையில் உன் பையோடு.

அவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "ஈரச் சோளம் சூடேறிப் போச்சுய்யா. ஒயர்மேன் நான் ஏறுறேன்னுதான் சொன்னான். இது உனக்குப் புதுசுடா, நீ கீழ இருன்னு சொல்லிட்டு அம்மாவே மேல ஏறிட்டாங்க. அப்பத்தான் குண்டு விழுந்துச்சு" என்றார். நான் பையை அவர் கையிலிருந்து வாங்கினேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னார், "ஏழும் எரிஞ்சு போச்சு. ஒரு மணிகூட மிச்சமில்லய்யா."

வாலு கீழே டயர் கடையில் விளையாடிக்கொண்டிருந்தாள். சரியாக அந்தக் கடைசிப் பேச்சுக்குத்தான் படியேறி வந்து நின்றாள். "தாத்தா, ஏழு குதிரும் காலியா?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் ஓடிப்போய்த் துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். நான் தடுக்கவில்லை. தடுக்க என்ன சொல்ல முடியும்? சுவரில் மிச்சமிருந்த ஆறையும் எம்பி எம்பித் துடைத்தாள். கரியெல்லாம் கை வழியே வழிந்தது. சுவர் இப்போது வெறும் சுவராக இருக்கிறது.

உன் பையைத் திறந்தேன். மேலே அவளுடைய பழைய சட்டை. அதற்குக் கீழே புடவைகள். எல்லாவற்றுக்கும் அடியில், நசுங்காமல் இருக்கத் துணி சுற்றி, அந்த அடிகனமான பாத்திரம்.

பாவி, அதைத் தூக்கிக்கொண்டு வர இருந்தாயா?

வாசலை மூடியவன் நான். மூடாமல் இருந்திருந்தால் நீ அந்த முன் சீட்டில் வந்து இறங்கியிருப்பாய். குண்டு போட்டவனை எல்லோரும் சபிக்கிறார்கள், நானும் சபிக்கிறேன், ஆனால் லாரியைத் திருப்பிய கை என்னுடையது. இதை நீ படிக்கப் போவதில்லை. உன் கிடங்குப் பக்கம் இனி லாரி போகாது, யாரிடம் கொடுத்தனுப்புவது என்றும் தெரியவில்லை. வேறு கிடங்குகளிலிருந்து லாரிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இன்று வந்த பைகளையும் பிரித்தேன். சோளம் மட்டும்தான் இருந்தது. அரைப் புள்ளி கூடியதையெல்லாம் வெயிலில் நிறுத்தச் சொன்னேன்.

வாலு கையைக் கழுவிவிட்டுச் சீப்போடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "இறுக்கிப் பின்னுப்பா. அம்மா வரும்போது கலைஞ்சிருக்கக் கூடாது" என்றாள். சீப்பை வாங்கி வகிடெடுத்தேன். இறுக்கிப் பின்னினேன். எப்படி என்று தெரியவில்லை, இன்றைக்கு வகிடு நேராக வந்துவிட்டது. நெற்றியிலிருந்து பிடரிவரை ஒரு கோணல் இல்லை. நீ பார்த்திருந்தால் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டாய்.

இப்போது ஜன்னலில் உட்கார்ந்து லாரி வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு வண்டியிலும் முன் சீட்டைத்தான் பார்க்கிறாள். காவலாளி ஐயா மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கடிதத்தை முடித்ததும் நான் எழுந்துபோய் அவளிடம் சொல்ல வேண்டும். அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஏதாவது சொல்ல விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

பாத்திரம் நன்றாகக் கனமாக இருக்கிறது. இனி அடிப்பிடிக்காது.

உன்
மூக்கு